78 வயதில் கீமோ தாங்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

புற்றுநோய் சிகிச்சையில் நோயாளியின் வயது எந்த அளவுக்குக் குறுக்கே வருகிறது என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை எழுபது, எண்பது வயதுக்காரர்களின் பிள்ளைகள் எழுதியவை. இளம் பெற்றோர் எழுதியவையும் உண்டு. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கி, மருத்துவக் குழுவின் பதில்களோடு தருகிறோம். மருந்தளவுகளை விவரம் புரிவதற்காகத்தான் எழுதியிருக்கிறோம். அவற்றை வைத்து மருந்தை நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

அப்பாவுக்கு 78 வயது. வெற்றிலை, புகையிலைப் பழக்கம். கன்னத்தின் உட்புறத்தில் வந்த புற்றை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். நெறிக்கட்டியின் உறையைத் தாண்டி நோய் வந்திருப்பதாக ரிப்போர்ட் சொல்கிறது. இப்படி இருந்தால் கரன்ட் (கதிர்வீச்சு) வைக்கும்போது கீமோவும் சேர்த்துக் கொடுப்பார்கள் என்று படித்தேன். மருத்துவமனையில் 'வயதாகிவிட்டது, கரன்ட் மட்டும் போதும்' என்கிறார்கள். வயதானவர் என்று கைகழுவுகிறார்களா?
— ஒரு மகன், பெரம்பலூர்

அவர்கள் எடுத்த முடிவு அநேகமாகச் சரி. ஆனால் உங்களிடம் சொன்ன காரணம் அரைகுறை.

நீங்கள் படித்தது உண்மைதான். நோய் நெறிக்கட்டியின் உறையைத் தாண்டியிருந்தாலோ, வெட்டிய விளிம்பில் மிச்சம் இருந்தாலோ கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்ப்பது வழக்கம். ஆனால் தலை, கழுத்துப் புற்றுநோய் ஆய்வுகள் பலவற்றைத் திரட்டிப் பார்த்த பகுப்பாய்வில், கீமோவைச் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன் வயது ஏற ஏறத் தேய்ந்துகொண்டே போய், 70-ஐத் தாண்டியவர்களிடம் தெளிவாகத் தென்படவில்லை. தொல்லை மட்டும் குறையவில்லை.

அடுத்தது சிறுநீரகம். அப்பாவின் எடை 50 கிலோ, கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் ரத்த அளவு) 1.2 என்று வைத்துக்கொள்வோம். லேப் தாளில் அது வரம்புக்குள்தான் இருக்கும், யாரும் சிவப்பு மையில் வட்டம் போட மாட்டார்கள். ஆனால் கீமோ எழுதுகிறவர் அந்த எண்ணோடு நிற்பதில்லை. 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுப்பார். பெண் என்றால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். அப்பாவுக்கு விடை, அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம் (கிரியேட்டினின் கிளியரன்ஸ்), நிமிடத்துக்கு ஏறத்தாழ 36 மி.லி. அதே 1.2 கிரியேட்டினின் உள்ள, 70 கிலோ எடையுள்ள 40 வயதுக்காரருக்கு 81. சிஸ்பிளாட்டினுக்குக் குறைந்தது 50 முதல் 60 வரை தேவை. அதற்குக் கீழே கொடுத்தால் மருந்து உடம்பிலேயே தங்கும். சிறுநீரகம் மேலும் கெடும், காது மந்தமாகும். ஏற்கெனவே செவி மந்தமாக இருப்பவருக்கு அது இரட்டை நஷ்டம்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: "அப்பாவுடைய கிரியேட்டினின் கிளியரன்ஸ் எவ்வளவு? காது பரிசோதனை ஆயிற்றா?" அந்த எண்கள் நன்றாக இருந்து, அப்பாவும் தெம்பாக நடமாடுகிறார் என்றால் மறுபரிசீலனை கேட்பதில் தவறில்லை. சிஸ்பிளாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வாரம் ஒருமுறை குறைந்த அளவில் டோசிடாக்செல் என்ற வேறொரு கீமோ மருந்தைச் சேர்க்கும் முறையை மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். அதையும் கேட்டுப் பார்க்கலாம்.

கீமோவைப் பற்றிய கவலையில் கரன்டை அலட்சியமாக எண்ணிவிடக் கூடாது. இந்த வயதில் கவிழ்ப்பது பெரும்பாலும் அங்கேதான். அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாளாக 30 முதல் 33 முறை வரும். ஆடும் பற்களை முன்பே பிடுங்கி, புண் ஆற 10 முதல் 14 நாள் விட வேண்டும். கரன்ட் வைத்த பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகக்கூடும். மூன்றாவது வாரத்தில் வாய் முழுக்கப் புண்ணாகும். 'அப்பா சாப்பிட மாட்டேன் என்கிறார், ஒரு வாரம் நிறுத்திவிட்டு வருகிறோம்' என்று பல குடும்பங்கள் நிறுத்துவது அப்போதுதான். அந்த இடைவெளியில் மிச்சமிருக்கும் செல்கள் வேகமாகப் பெருகும். எடை வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினால், மூக்கு வழியாக உணவுக் குழாய் போடுவது பற்றி அந்த வாரமே பேசுங்கள். குழாய் போட்டால் கதை முடிந்தது என்று பயப்படாதீர்கள், புண் ஆறியதும் எடுத்துவிடுவார்கள்.

அப்பாவுக்கு 81 வயது. கழுத்திலும் வயிற்றிலும் நெறிக்கட்டி வீங்கி, பயாப்சியில் வேகமாக வளரும் 'பி செல் லிம்போமா' என்று வந்தது. ஒரு மருத்துவமனையில் 'இந்த வயதில் எதுவும் செய்யாதீர்கள்' என்றார்கள். இன்னொன்றில் 'நாளைக்கே முழு டோஸ் ஆரம்பிக்கலாம்' என்றார்கள். யாரை நம்புவது?
— ஒரு மகள், சிவகாசி

இரண்டு இடத்திலும் அப்பாவை எழுந்து நடக்கச் சொன்னார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. பிறந்த தேதியை மட்டும் பார்த்து ஒருவர் வேண்டாம் என்றும், பயாப்சியை மட்டும் பார்த்து இன்னொருவர் முழு டோஸ் என்றும் சொல்லியிருந்தால், இருவருமே நோயாளியைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

முதியோருக்குக் கீமோ தொடங்கும் முன் ஒரு மதிப்பீடு உண்டு. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும். முதலில் 'ஜி-8' என்ற எட்டுக் கேள்வித் தாள். மூன்று மாதத்தில் சாப்பாடு குறைந்ததா, எடை இறங்கியதா, வெளியே நடமாடுகிறாரா, மறதியோ மனச்சோர்வோ உண்டா, உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, தினமும் மூன்றுக்கு மேல் மருந்து சாப்பிடுகிறாரா, தன் வயதொத்தவர்களோடு ஒப்பிட்டால் உடல்நிலை எப்படி என்று நினைக்கிறார், கடைசியாக வயது. மொத்தம் 17 மதிப்பெண். 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் விரிவான மதிப்பீடு தேவை. இதில் வயதுக்கு அதிகபட்சம் இரண்டே மதிப்பெண். சாப்பாடும் எடையும் சேர்ந்து அதைவிடக் கூடுதலாக இழுக்கும்.

அடுத்து நடை. கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் அபாயம் இருக்கிறது. நினைவுக்கு, மூன்று சொற்களைச் சொல்லி, கடிகாரம் ஒன்றை வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்லி, பிறகு அந்தச் சொற்களைத் திருப்பிக் கேட்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிகாரம் வரையும் சோதனை பொருந்தாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஃபெயில்' என்று எழுதிவிடுவார்கள்.

பிறகு மருந்துப் பை. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். சித்த மருந்து, சூரணம், மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கியது, தூக்க மாத்திரை எதையும் விட வேண்டாம். வாந்தி, பேதி வரும் நாளிலும் பிரஷர் மாத்திரையையும் நீர் இறக்கும் மாத்திரையையும் வழக்கம்போல விழுங்கி, சிறுநீரகம் நின்று ஐ.சி.யூ. போகிறவர்கள் உண்டு. கீமோவோடு வரும் ஸ்டீராய்டு சர்க்கரையை 300, 400 என்று ஏற்றும். அப்பாவுக்கு நீரிழிவு இருந்தால் ஸ்டீராய்டு சாப்பிடும் ஐந்து நாளைக்கு இன்சுலின் திட்டம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

இப்படி மதிப்பிட்டுச் செய்வதால் என்ன லாபம்? 2021-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 70 வயதைத் தாண்டிய நோயாளிகளின் மதிப்பீட்டு முடிவும் பரிந்துரைகளும் மருத்துவர் கைக்குப் போனபோது, கடுமையான பக்கவிளைவு 71 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாகக் குறைந்தது. உயிர் வாழும் காலம் குறையவில்லை.

இனி உங்கள் அப்பா. இந்த வகை லிம்போமா வேகமானது, ஆனால் குணமாகக்கூடியது. அதனால்தான் 'எதுவும் செய்யாதீர்கள்' என்பதை ஏற்க மாட்டோம். வழக்கமான 'ஆர்-சாப்' கூட்டு மருந்தில் உடற்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு டாக்ஸோரூபிசின் 50 மி.கி., சைக்ளோஃபாஸ்ஃபமைடு 750 மி.கி. 80-ஐத் தாண்டியவர்களுக்கென்று பிரான்சில் சோதித்த 'ஆர்-மினி-சாப்'பில் அவை 25, 400. வின்கிரிஸ்டின் 2 மி.கி.க்குப் பதில் 1 மி.கி. ரிடுக்ஸிமாப் மட்டும் குறையாமல் 375. அந்த ஆய்வில் இரண்டு ஆண்டு முடிவில் 59 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். எண்பது வயதுக்காரர்களின் ஆய்வு அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

தொடங்கும் முன் எக்கோ வேண்டும், டாக்ஸோரூபிசின் இதயத்தைத் தொடும். ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம், ரிடுக்ஸிமாப் உறங்கிக் கிடக்கும் வைரஸை எழுப்பி ஈரலைக் கவிழ்த்துவிடும். முதல் கீமோவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்ப்பது இந்த வயதில் நல்ல உத்தி. படுத்திருந்தவர் எழுந்து உட்கார்வார், முதல் சுற்றின் அதிர்ச்சியும் குறையும். ஒவ்வொரு கீமோவுக்கு மறுநாளும் வெள்ளணுவை ஏற்றும் ஊசி போட வேண்டும். 65-ஐத் தாண்டியவர்களுக்கு இதை விட்டுவிடக் கூடாது.

அம்மாவுக்கு 74. மார்பில் ஒன்றரை செ.மீ. கட்டி. கட்டியை மட்டும் எடுத்தார்கள். அக்குளில் பரவவில்லை. ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோன் தூண்டி வளரும் வகை), அதற்கு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். கரன்ட் வைப்பதா வேண்டாமா என்று எங்களையே முடிவு செய்யச் சொல்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் போய்வரவே அரை நாள் ஆகிறது.
— ஒரு மகள், திருத்துறைப்பூண்டி

உங்களையே முடிவு செய்யச் சொன்னது தட்டிக் கழிப்பதற்காக இல்லை. இங்கே இரண்டு வழியும் நியாயமானது.

70 வயதைத் தாண்டிய, உங்கள் அம்மாவைப் போன்ற சிறு கட்டி, ஹார்மோன் பாசிட்டிவ் பெண்களைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 10 சதவீதம் பேருக்கு அதே மார்பிலோ அக்குளிலோ நோய் திரும்பியது. மாத்திரையோடு கதிர்வீச்சும் பெற்றவர்களில் 2 சதவீதம். ஆனால் உயிர் வாழ்ந்த காலத்தில் வித்தியாசம் இல்லை. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கரன்டை விட்டுவிட முடியாது. அவருக்கு இன்னும் முப்பது நாற்பது வருடம் நோய் திரும்ப வாய்ப்பிருக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை: இந்தக் கணக்கு முழுவதும் அம்மா ஐந்து வருடம் தினமும் மாத்திரை சாப்பிடுவார் என்பதன் மேல் நிற்கிறது. லெட்ரோசோல் என்றால் மூட்டுவலி வரும், எலும்பு தேயும், ஆறு மாதத்தில் 'இது ஒத்துக்கலை' என்று பெட்டியில் போட்டுவிடுவார்கள். தொடங்கும்போதே எலும்பு அடர்த்தி ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள். டமாக்ஸிஃபென் என்றால் காலில் ரத்தம் உறைவது, கருப்பையில் ரத்தக்கசிவு இரண்டையும் கவனிக்க வேண்டும். அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார் என்று உங்களுக்கே தெரிந்தால், கரன்ட் வைப்பதுதான் உத்தமம். இப்போது ஐந்தே நாளில், மொத்தம் 26 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்து முடிக்கும் முறை இருக்கிறது. 'ஒரு வார முறை உண்டா?' என்று கேளுங்கள். ஒரு வாரம் உறவினர் வீட்டில் தங்கினால் அலைச்சல் மிச்சம்.

என் மனைவிக்கு 41 வயது. தைராய்டு பாப்பில்லரி புற்றுநோய். நுரையீரலிலும் சிறு புள்ளிகளாகப் பரவியிருக்கிறது. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஸ்டேஜ் 2' என்று போட்டிருக்கிறார்கள். பரவினால் நாலாம் ஸ்டேஜ் அல்லவா? தப்பாக எழுதிவிட்டார்களா?
— ஒரு வாசகர், ஓசூர்

சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஸ்டேஜிலேயே வயது கலந்திருக்கும் புற்றுநோய் இது. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் வகைப்பாட்டின்படி, 55 வயதுக்குக் கீழே இருப்பவருக்குத் தொலைவில் பரவாதவரை ஸ்டேஜ் 1, பரவினால் ஸ்டேஜ் 2, அவ்வளவுதான். அதற்கு மேலே எண் கிடையாது. இதே பரவல் 60 வயதுக்காரருக்கு இருந்தால் ஸ்டேஜ் 4. அதற்கு முந்தைய வகைப்பாட்டில் எல்லை 45 வயது. இளம் வயதினரின் கட்டி பெரும்பாலும் ரேடியோ அயோடினை (கதிர்வீச்சு வெளியிடும் அயோடின் மருந்து) நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், அதனால் நுரையீரலில் இருந்தாலும் நெடுங்காலம் கட்டுக்குள் இருக்கும்.

அந்த வயதில் வேறொரு கவனம் தேவை. ரேடியோ அயோடின் கொடுக்கும் முன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கொடுத்த பிறகு குறைந்தது ஆறு மாதம் கருத்தரிக்கக் கூடாது. கைக்குழந்தை இருந்தால் தாய்ப்பாலை ஆறு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும், அந்தக் குழந்தைக்கு மீண்டும் தொடங்கவும் கூடாது.

மகனுக்கு 17 வயது. ரத்தப் புற்றுநோய், 'ஏ.எல்.எல்.' என்கிறார்கள். குழந்தைகள் வார்டில் 'வயது தாண்டிவிட்டது' என்று பெரியவர்கள் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தைகளுக்கான சிகிச்சைதான் நல்லது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.
— ஒரு தாய், ராமநாதபுரம்

உறவினர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் வார்டு 12 வயதோடு முடிந்துவிடுகிறது. பதின்வயதினர் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் எந்தக் கட்டிலில் படுக்கிறான் என்பது முக்கியமல்ல, எந்த முறைப்படி மருந்து எழுதுகிறார்கள் என்பதுதான் முக்கியம். இந்த நோயில் 15 முதல் 39 வயதுவரை உள்ளவர்களுக்குக் குழந்தைகள் முறையைத் தழுவிய சிகிச்சை, பழைய பெரியவர்கள் முறையைவிடக் கூடுதல் பேரைக் காப்பாற்றுகிறது. ஆஸ்பராஜினேஸ், வின்கிரிஸ்டின், ஸ்டீராய்டு மூன்றும் இதில் அதிகம். தண்டுவடத்தில் போடும் ஊசிகளும் அதிகம். எனவே "குழந்தைகள் முறைப்படியா கொடுக்கிறீர்கள், ஆஸ்பராஜினேஸ் எத்தனை டோஸ்?" என்று ரத்தப் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையைவிட 17 வயதில் ஆஸ்பராஜினேஸின் தொல்லை கூடுதலாக இருக்கும். மஞ்சள் காமாலை, கணைய வீக்கம், ரத்த உறைவு மூன்றையும் எதிர்பார்த்துக் கண்காணிக்க வேண்டும். கடுமையான வயிற்றுவலியோ விடாத தலைவலியோ வந்தால் அன்றே சொல்லுங்கள்.

இன்னொன்றைப் பெற்றோரும் கேட்க மாட்டார்கள், பரபரப்பில் மருத்துவரும் மறந்துவிடுவார். முதல் கீமோவுக்கு முன்பே மகனின் விந்தணுவை உறைநிலையில் சேமிக்கலாம். ஒரு நாள் அவகாசம் போதும். கீமோ தொடங்கிய பிறகு சேமித்துப் பயனில்லை. பெண் பிள்ளைகளுக்குக் கருமுட்டை சேமிக்க இரண்டு வாரம் ஆகும், இந்த நோய் அவ்வளவு காத்திருக்காது. அவர்களுக்கு மாதவிலக்கை நிறுத்தும் ஊசி போடுவார்கள். தட்டணு குறைந்திருக்கும்போது அதிக உதிரப்போக்கு வராமல் அது காக்கும்.

கடைசிக் கட்டமான பராமரிப்புச் சிகிச்சை ஏறத்தாழ இரண்டு வருடம். தினமும் இரவில் மெர்காப்டோபூரின் மாத்திரை. முடி வளர்ந்து, கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருப்பான், நோயே இல்லாததுபோல் இருக்கும். மாத்திரை தவறுவது அப்போதுதான். நூற்றில் ஐந்துக்கு மேல் தவறினாலே நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. 'பெரிய பையன், அவனே பார்த்துக்கொள்வான்' என்று விடாதீர்கள். உங்கள் கண்முன் விழுங்கட்டும்.

இரண்டரை வயதுக் குழந்தைக்கு மூளைக் கட்டி, அறுவை முடிந்தது. மெடுல்லோபிளாஸ்டோமா. பெரிய குழந்தைகளுக்குக் கரன்ட் வைக்கிறார்கள், எங்கள் பிள்ளைக்கு மட்டும் வெறும் கீமோ என்கிறார்கள். ஏன்?
— பெற்றோர், மட்டக்களப்பு

மூன்று வயதுக்குள் மூளை வளரும் வேகம் பிறகு எப்போதும் இல்லாதது. அந்த நேரத்தில் முழு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் கதிர்வீச்சு கொடுத்தால் கற்கும் திறன் நிரந்தரமாகக் குறையும், வளர்ச்சி ஹார்மோன் குறையும், முதுகெலும்பு வளராமல் உயரம் நிற்கும். அதனால் கீமோவை வைத்துக் கதிர்வீச்சைத் தள்ளிப்போடுகிறார்கள். சில குழந்தைகளுக்கு அது தேவைப்படாமலே போய்விடுகிறது. மரபணுப் பரிசோதனையில் கட்டியின் உள்வகையைப் பார்த்தால் யாருக்கு அந்த அதிர்ஷ்டம் என்று ஓரளவு தெரியும். அந்த ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. ஸ்கேனுக்கும் தண்டுவட ஊசிக்கும் மயக்கம் கொடுக்கும் நாட்களில், திட உணவுக்கு ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு, வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேர இடைவெளி போதும். நள்ளிரவிலிருந்தே தண்ணீர்கூடக் கொடுக்காமல் நண்பகல் வரை வைத்திருந்து, பிள்ளை துவண்டு, நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்துவது நடக்கிறது. எத்தனை மணிக்கு அழைப்பார்கள் என்று முதல் நாளே கேட்டுக் கணக்கிடுங்கள்.

அம்மாவுக்கு 76. குடல் புற்றுநோய் அறுவை முடிந்த மூன்றாம் நாள் இரவு ஆளே மாறிவிட்டார். டியூபைப் பிடுங்குகிறார், செத்துப்போன பாட்டியைக் கூப்பிடுகிறார். பகலில் தூங்குகிறார். மூளைக்குப் பரவிவிட்டதா?
— ஒரு மகன், ஈரோடு

பரவல் இப்படி ஒரே இரவில் வருவது அரிது. இது மருத்துவமனைக் குழப்பநிலை. பெரிய அறுவைக்குப் பின் முதியவர்களிடம் அடிக்கடி வருவது. இதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்ந்திருக்கும். டிரமடால் போன்ற வலி ஊசி, அரிப்புக்குப் போடும் ஏவில், தூக்க மாத்திரை, சோடியம் குறைவு, நிமோனியா, சிறுநீர்ப் பாதையில் கிருமி, நாலு நாளாக மலம் போகாதது, மூத்திரம் அடைத்துக்கொண்டது. வலி தாங்காமலும் வரும். தினமும் தூக்க மாத்திரை சாப்பிட்டு வந்தவருக்கு அதை மருத்துவமனையில் திடீரென நிறுத்தினாலும் வரும். வீட்டில் என்ன சாப்பிட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய. கண்ணாடியும் காதுக் கருவியும் பல்செட்டும் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தால் உடனே கொண்டுவாருங்கள். பழகிய முகம் ஒன்று கூடவே இருக்கட்டும். நாளுக்கு ஓர் உறவினர் மாறி மாறி வந்தால் குழப்பம் கூடும். பகலில் ஜன்னல் திரையை விலக்கி, நாற்காலியில் உட்கார வைத்து, நடக்க வையுங்கள். இரவில் விளக்கை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். 'பாட்டி எங்கே' என்றால் வாதாட வேண்டாம். கையைக் கட்டிப் போடுவது கடைசி வழி, அது பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும்.

இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. நோயாளி சத்தமில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பார். வார்டில் 'சமர்த்தாக இருக்கிறார்' என்பார்கள். அதுவும் குழப்பநிலைதான், கண்டுபிடிக்கத் தாமதமாவதால் ஆபத்தும் அதிகம்.

அப்பாவுக்கு 80. வழக்கமான செக்கப்பில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனை) 7 வந்தது. தொந்தரவு ஒன்றுமில்லை. பயாப்சி செய்யச் சொல்கிறார்கள்.
— ஒரு வாசகர், நாகர்கோவில்

முதல் கேள்வி, அந்தப் பரிசோதனையை எதற்குச் செய்தார்கள் என்பது. தொந்தரவு இல்லாத 70 வயதைத் தாண்டியவர்களுக்கு இது வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழுவே சொல்கிறது. பாக்கேஜில் சேர்த்துவிடுகிறார்கள். சிறுநீர்க் கிருமி இருந்தாலோ சமீபத்தில் டியூப் போட்டிருந்தாலோ இந்த அளவு ஏறும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். பயாப்சியில் எது வந்தாலும் சிகிச்சையை மாற்றப் போவதில்லை என்றால் அந்தப் பயாப்சி தேவையில்லை. முதுகெலும்பில் வலி, கால் மரத்துப்போதல், எடைக் குறைவு இருந்தால் இந்தப் பேச்செல்லாம் பொருந்தாது, தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும்.

பாட்டிக்கு 83. என்ன நோய் என்று சொல்ல வேண்டாம் என்று பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 'வயிற்றுப்புண்' என்று சொல்லி வைத்திருக்கிறோம். இப்போது கீமோ தொடங்கப் போகிறார்கள்.
— ஒரு பேத்தி, மதுரை

சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்குப் பதிலாக மகன் கையெழுத்துப் போடுவது சட்டப்படியும் செல்லாது. 18-ஐத் தாண்டிவிட்டால் மேலே வயது வரம்பு இல்லை. நடைமுறையிலும் இது கெடுதல்தான் செய்யும். வயிற்றுப்புண் என்று நம்புகிறவர், கீமோவால் விரல் மரத்துப்போவதையோ லேசான குளிரையோ சொல்லத் தோன்றாமல் விட்டுவிடுவார். கீமோ வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் இரண்டாம் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்பது வேறு விஷயம்.

ஒரேயடியாகப் போட்டு உடைக்கவும் வேண்டாம். பெரியப்பாவையும் உடன் வைத்துக்கொண்டு மருத்துவர், "அம்மா, உங்க உடம்பைப் பத்தி எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணுமா, இல்ல பெரியவர்கிட்ட பேசினா போதுமா?" என்று கேட்கட்டும். 'அவன்கிட்டயே சொல்லுங்க' என்று பாட்டி சொன்னால் அது பாட்டியின் முடிவு. பெரும்பாலான பாட்டிகள் இந்தக் கேள்விக்கு முன்பே பாதியை ஊகித்திருப்பார்கள்.

கீமோ எடுக்கும் 77 வயது மாமனாருக்குக் காய்ச்சல் 99 டிகிரிதான். ஆனால் சாப்பிடவில்லை, தள்ளாடுகிறார், பேச்சு கோர்வையாக இல்லை. காத்திருக்கலாமா?
— ஒரு மருமகள், திண்டுக்கல்

காத்திருக்க வேண்டாம். 100.4 ஃபாரன்ஹீட் என்ற எல்லை இளம் வயதினருக்குப் பொருந்தும். முதியவர் உடம்பு அவ்வளவு சூடேறாமலே கிருமி ரத்தத்தில் பரவிவிடும். கீமோவோடு ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் இன்னும் அமுங்கியிருக்கும். தள்ளாட்டம், குழப்பம், திடீரெனச் சாப்பாட்டை ஒதுக்குவது, மூத்திரம் குறைவது எல்லாமே காய்ச்சலுக்குச் சமம். கீமோ போட்ட 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் என்றால் வெள்ளணு அடிமட்டத்தில் இருக்கும் நேரம்.

பாரசிட்டமால் கொடுத்துவிட்டு 'இறங்குதா பார்ப்போம்' என்று இருக்காதீர்கள், அது எண்ணை மட்டும் மறைக்கும். அவசரப் பிரிவுக்குப் போனதும் முதல் வாக்கியமே "கீமோ நடக்கிறது, கடைசி டோஸ் இந்தத் தேதி" என்று இருக்கட்டும். வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும், ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அது காத்திருக்கக் கூடாது. மருந்தின் பெயர், தேதி, மருத்துவரின் அவசர எண் எழுதிய அட்டை ஒன்றை அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஃபைலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.